பழைய கன்சோல் எமுலேட்டர்கள்: கேள்வி பதில்

கே: பழைய கன்சோலின் கேம்களை வேறு கருவியில் ஓடவைக்கும் மென்பொருள்தானே எமுலேட்டர்? நிண்டெண்டோவே செய்த எமுலேட்டரை ஆர்வலர்கள் செய்தது எப்படி மிஞ்சும் அண்ணா?

ப: இலக்கே வேறு தம்பி. எஸ்என்இஎஸ் (சூப்பர் நிண்டெண்டோ) என்ற பழைய கன்சோலின் கேம்களோடு நிண்டெண்டோ 2017இல் விட்ட சிறு கருவியான எஸ்என்இஎஸ் கிளாசிக்கில் இருந்தவை 21 கேம்கள். நிறுவனத்துக்கு அவை ஒழுங்காக ஓடினால் போதும். நியர் என்ற புனைபெயரில் பிஎஸ்நெஸ் எமுலேட்டரை எழுதியவரோ, அந்தக் கன்சோலுக்கு வந்த எந்த கேமும், அதற்கென்று எமுலேட்டர் நிரலில் தனியாக ஒட்டுப்போடாமல் ஓட வேண்டும் என்று உழைத்தார். எனக்கு அதுதான் பெரிய வேலையாகப் படுகிறது.

கே: ஒட்டுப்போட்டால் விளையாடுபவருக்குத் தெரியவா போகிறது?

ப: பல நேரம் தெரியாது, அதுதான் ஆபத்து. 'ஏர் ஸ்டிரைக் பேட்ரோல்' கேமில் விமானத்துக்குக் கீழே ஒரு நிழல் விழும். திரையில் ஒரு வரியை வரைந்துகொண்டிருக்கும்போதே, பாதியில் அமைப்பை மாற்றித்தான் அந்த நிழலை வரவழைத்திருப்பார்கள். வரி வரியாக மட்டும் வரையும் எமுலேட்டரில் நிழலே இருக்காது. கேம் ஓடும், ஆனால் குண்டு எங்கே விழும் என்று குறிபார்க்க உதவுவதே அந்த நிழல்தான். அது இல்லாமல் ஆடுபவர் கேமையே குறை சொல்வார்.

கே: என் பழைய லேப்டாப்பில் பிஎஸ்நெஸ் திணறுகிறதே?

ப: திணறும். சிபியு, படச் சில்லு, ஒலிச் சில்லு எல்லாம் கன்சோலில் ஒரே நேரத்தில் ஓடுபவை. அவற்றை நொடிக்குப் பல லட்சம் முறை ஒத்துப்போக வைக்க வேண்டும். அதே கன்சோலுக்கான இலகுவான எமுலேட்டர் ஸ்னெஸ்9எக்ஸ் போடுங்கள், பெரும்பாலான கேம்களுக்குப் போதும்.

கே: ஆர்வலர்களின் எமுலேட்டரையே நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளலாமே?

ப: சோனி எடுத்தது. 2018இல் வந்த, பழைய பிளேஸ்டேஷன் கேம்களுக்கான சிறு கருவியான பிளேஸ்டேஷன் கிளாசிக்கில் ஓடியது, ஆர்வலர்களின் திறந்த மூல எமுலேட்டரான பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டுதான். ஆனால் 20 கேம்களில் 9 கேம்களுக்கு ஐரோப்பாவின் 50 ஹெர்ட்ஸ் (திரைப் படம் நொடிக்கு 50 முறை மாறும்) பதிப்பைப் போட்டுவிட்டார்கள். 60 ஹெர்ட்ஸில் 'டெக்கன் 3' ஆடிப் பழகியவர்களுக்கு அது மந்தமாகத்தான் இருக்கும். அந்தப் பழி எமுலேட்டரைச் சேராது.

கே: நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலில் எமுலேட்டர் மூலம் வந்த பழைய நிண்டெண்டோ 64 கேம்கள் எப்படி?

ப: 2021 அக்டோபரில் வந்தபோது 'ஒகரினா ஆஃப் டைம்' நீர்க்கோயிலில், டார்க் லிங்க் என்ற எதிரியோடு மோதும் அறையில் மூடுபனியே இல்லை. அப்புறம் அப்டேட்டில் சரிசெய்தார்கள்.

கே: ஒரு எமுலேட்டர் சரியா என்று எப்படிச் சோதிப்பது?

ப: இதற்கென்றே ஆர்வலர்கள் எழுதிய சோதனை ராம்கள் (ROM, அதாவது கேம் போல ஓடும் கோப்புகள்) இருக்கின்றன. அசல் கன்சோலிலும் எமுலேட்டரிலும் ஒரே ராமை ஓட்டுங்கள். முடிவு மாறினால் தப்பு எமுலேட்டரில்தான்.