பேரவை ஒருவரைச் சிறைக்கு அனுப்பினால் நீதிமன்றம் கேட்கலாமா?

வணக்கம் ஐயா,

ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு ஒரு அட்டைப்பட நகைச்சுவைக்காக 1987-ல் நம் சட்டப்பேரவை சிறைத் தண்டனை கொடுத்ததைப் பற்றி நீங்கள் பேசியதைக் கேட்டேன். தண்டனை அதிகம்தான். ஆனால் எம்.எல்.ஏ.க்கள் மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர்கள், நீதிபதிகளை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பேரவை தன் மரியாதையைக் காக்க எடுத்த முடிவை நீதிமன்றம் விசாரிக்கலாம் என்றால் இருவரில் யார் பெரியவர்?

ர., தாராபுரம்

அன்புள்ள ர.,

இதே கேள்வி 1964-ல் உத்தரப் பிரதேசத்தில் பெரிய மோதலாகவே வெடித்தது. கோரக்பூரைச் சேர்ந்த கேசவ் சிங் ஒரு சோஷலிஸ்ட் தொண்டர். காங்கிரஸ் எம்.எல்.ஏ. ஒருவர்மீது ஊழல் புகார் சொல்லும் துண்டறிக்கையை வெளியிட்டவர்களில் அவரும் ஒருவர். உரிமை மீறல், அதாவது சபைக்கும் உறுப்பினர்களுக்கும் உள்ள சிறப்பு உரிமைகளை மீறிவிட்டார் என்று பேரவை கூப்பிட்டது, அவர் போகவில்லை. பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தியபோது சபாநாயகருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. ஏழு நாள் சிறை. அது முடிவதற்குள் அவருடைய வழக்கறிஞர் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வில் ஆட்கொணர்வு மனு (அடைத்துவைத்தது சட்டப்படி சரியா என்று பார்த்து விடுவிக்கக் கேட்கும் மனு) போட, இரண்டு நீதிபதிகள் ஜாமீன் கொடுத்தார்கள்.

அவ்வளவுதான் நடந்தது. அதற்கே பேரவை, கேசவ் சிங்கோடு அந்த வழக்கறிஞரையும் இரண்டு நீதிபதிகளையும் காவலில் கொண்டுவந்து சபை முன்னால் நிறுத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டது! நீதிபதிகள் தங்கள் நீதிமன்றத்திலேயே மனுதாரர்களாக வந்து நின்றார்கள், 28 நீதிபதிகள் ஒன்றாக உட்கார்ந்து அந்தத் தீர்மானத்துக்குத் தடை போட்டார்கள். குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் சொன்னது இது: ஜாமீன் கொடுத்ததற்காக நீதிபதியைக் கூண்டில் ஏற்றப் பேரவைக்கு அதிகாரம் இல்லை, பேரவையால் சிறைக்குப் போன குடிமகன் நீதிமன்றக் கதவைத் தட்டலாம்.

அப்புறம் நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு நேரடியான பதில். 1965-ல் அதே அலகாபாத் உயர் நீதிமன்றம் கேசவ் சிங்கின் மனுவை விசாரித்துத் தள்ளுபடி செய்தது. பேரவைக்குத் தண்டிக்கும் அதிகாரம் உண்டு என்றே சொன்னது. விசாரித்ததால் பேரவை சிறியதாகிவிடவில்லை. விசாரிக்கவே கூடாது என்பதைத்தான் நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஓட்டுப் போட்டு வந்தவர்கள் என்கிறீர்கள். சரி, ஆனால் ஓட்டுப் போட்டு அனுப்பியவனும், அவர்களைக் கிண்டல் செய்ததற்காக உள்ளே போகிறவனும் ஒரே ஆள்தானே? விகடன் விஷயத்தில் புகார் சொன்னதும் தீர்ப்புச் சொன்னதும் தண்டனை கொடுத்ததும் பேரவையே. ஒரு அட்டைப்பட நகைச்சுவைக்கு மூன்று மாதக் கடுங்காவல்! எதிர்ப்பு கிளம்பியதால் சீக்கிரமே விட்டுவிட்டார்கள், ஆனாலும் அவர் விடாமல் வழக்குப் போட்டு, 1994-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆயிரம் ரூபாய் இழப்பீடு பெற்றார். பணத்துக்காகப் போட்ட வழக்கு இல்லை அது. 2003-ல் தி இந்து பத்திரிகையாளர்களுக்கு நம் பேரவை 15 நாள் சிறை விதித்தபோது உச்ச நீதிமன்றம் தடை போட்டது.

நீதிமன்றங்கள்மீதும் எனக்கு இதே கோபம் உண்டு. அவமதிப்பு வழக்கில் மனம் புண்பட்ட நீதிமன்றமே தண்டிக்கவும் செய்கிறது, அது நல்லதில்லை. ஆனால் அங்கே 1971-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆறு மாதம், இரண்டாயிரம் ரூபாய் என்று உச்சவரம்பு இருக்கிறது, மேல்முறையீடு இருக்கிறது, பொதுநலனுக்காக உண்மையைச் சொன்னேன் என்று வாதாட 2006 முதல் வழி இருக்கிறது. பேரவையிடம் இதில் எதுவுமே எழுத்தில் இல்லை. உறுப்பினர்களின் உரிமைகளைச் சட்டமன்றமே சட்டம் போட்டு வரையறுக்கலாம், அதுவரை இங்கிலாந்தின் மக்களவைக்கு இருந்த உரிமைகள் செல்லும் என்று தற்காலிகமாகத்தான் 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 194(3) பிரிவில் எழுதி வைத்தார்கள். இங்கிலாந்தைப் பற்றிய வார்த்தைகளைப் பிறகு 44-வது திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள், ஆனால் அந்தச் சட்டம் மட்டும் வரவில்லை. எது உரிமை மீறல், அதிகபட்சம் எத்தனை நாள் சிறை, குற்றம் சாட்டப்பட்டவர் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாமா என்பதையெல்லாம் நம் பேரவையே ஒரு மசோதாவில் எழுதிவிடலாம். அதற்கு எந்த நீதிபதியின் அனுமதியும் தேவையில்லை. தாராபுரத்தில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இதைக் கேளுங்கள்.