பட்டப்படிப்பு இல்லாமல் உயிரியல் ஆய்வகப் பணியைத் தானாகவே கற்றுக்கொள்ள முடியுமா?

மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் சொல்கிறேன்: கோட்பாட்டை முழுவதும் தானாகவே கற்றுவிடலாம். டி.என்.ஏ.வை நகலெடுக்கத் தொடக்கப் புள்ளியாக உதவும் சிறு துண்டான பிரைமரை வடிவமைக்கவும், மரபணு வரிசைகளை ஒப்பிடவும், புள்ளியியல் பழகவும் கணினியும் பொறுமையும் போதும். செய்முறைக்கு மட்டும், நம் கையைக் கவனித்துத் திருத்தும் ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

டி.என்.ஏ.வை வெட்டும் ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம்கள் பெரும்பாலும் பாதிக்குப் பாதி கிளிசரால் கலந்த, கெட்டியான திரவமாகவே வருகின்றன. மிகச் சிறிய அளவு திரவத்தை அளந்தெடுக்கும் பைப்பெட்டின் முனையை அதில் ஆழமாக அமிழ்த்தினால் வெளிப்புறத்திலும் திரவம் ஒட்டிக்கொள்ளும். ஒரு மைக்ரோலிட்டர் எடுத்ததாக நாம் நினைத்திருக்க, அதைவிடக் கூடுதலாகவே குழாயில் சேர்ந்திருக்கும். கலவையில் கிளிசரால் 5 சதவீதத்தைத் தாண்டினால், ஈகோஆர்ஐ போன்ற என்சைம்கள் தமக்குரிய இடத்தோடு நிற்காமல் வேறு இடங்களிலும் வெட்டக்கூடும். வெட்டிய துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் எதிர்பாராத பட்டைகள் தெரியும்போது, தனியாகக் கற்பவர் அவற்றைத் தம் மாதிரியின் இயல்பென்று நம்பி அடுத்த சோதனைக்குப் போய்விடுவார். அனுபவமுள்ளவர் அருகில் இருந்திருந்தால், "முனை மேற்பரப்பைத் தொட்டால் போதும்" என்று அப்போதே சொல்லியிருப்பார்.

செல் வளர்ப்பில் வரும், மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியாவின் தொற்றும் இப்படித்தான். செல்கள் வளரும் திரவ ஊடகம் கலங்காது, சாதாரண நுண்ணோக்கியில் கண்ணுக்குப் படாது, செல்சுவர் இல்லாததால் பெனிசிலினுக்கும் அடங்காது. அதற்கெனத் தனிச் சோதனையைத் தவறாமல் செய்யும் பழக்கம் நல்ல ஆய்வகத்தில்தான் படியும்.

ஆனால் பயிற்சி என்றால் பட்டம் என்று பொருளல்ல. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவின் விவியன் தாமஸ் தச்சு வேலை செய்தவர். கல்லூரிக்கெனச் சேர்த்த பணத்தைப் பொருளாதாரப் பெருமந்தத்தில் இழந்தவர். 1930இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாலக்கின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, அவரிடமும் அங்கே உடன் பணியாற்றிய ஜோசஃப் பியர்டிடமும் நேரில் பார்த்து, செய்து, திருத்தப்பட்டே அறுவை நுட்பத்தைக் கற்றார். 1944 நவம்பர் 29 அன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், பிறவி இதயக் குறையால் நீலம் பாரித்த குழந்தைக்குப் பிளாலக் அறுவை செய்தபோது, அவருக்குப் பின்னால் நின்று வழிகாட்டியவர் தாமஸ்தான். நிறவெறி ஓங்கியிருந்த அந்நாளில் கறுப்பினத்தவரான அவருக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வேதனை தருகிறது. மதிப்புறு முனைவர் பட்டம் 1976இல்தான் வந்தது.

ஆகவே, கல்லூரியில் சேர இயலாவிட்டால் வீட்டுக்குக் கருவிகள் வாங்குவதற்கு முன், ஏதேனும் ஓர் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர வழி தேடுங்கள். சேர்ந்ததும், முடிவு ஏற்கெனவே தெரிந்த ஒரு சோதனையை மூத்தவர் ஒருவர் முன்னிலையில் செய்து காட்டி, உங்கள் கையில் என்ன குறை என்று அவரிடம் கேளுங்கள்.