பழைய ரோட்ஸ்டருக்குப் புது வலு: பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "சித்தப்பா வெளிநாடு போகும்போது தன்னுடைய 1990 யூனோஸ் ரோட்ஸ்டரை என்னிடம் தந்துவிட்டுப் போனார். 1.6 எஞ்சின், மெனுவல் கியர். ஓட்ட ஆசையாக இருக்கிறது, ஆனால் இழுவை போதவில்லை. தெற்கு அதிவேகப் பாதையில் சின்ன ஹைபிரிட் கார்கூட முந்திப் போகிறது. ஒரு கராஜில் டேர்போ போடச் சொல்கிறார்கள், இன்னொரு கராஜில் 1.8 எஞ்சின் மாற்றச் சொல்கிறார்கள். எதைச் செய்யலாம்? கியர்பொக்ஸ் தாங்குமா?"

தம்பி, டேர்போ வேண்டாம். 1.8 நல்ல யோசனைதான், ஆனால் எஞ்சினை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. இந்தக் காரில் வலு கூட்டும் வேலையைப் பின் சக்கரத்திலிருந்து முன்னோக்கிச் செய்ய வேண்டும். பெரும்பாலானோர் முன்னாலிருந்து தொடங்கிப் பின்னால் உடைத்துக்கொள்கிறார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. உங்கள் கார் தன் சொந்த வலுவையாவது இப்போது தருகிறதா? மாஸ்டா இந்த இரண்டு இருக்கைத் திறந்த காரை யூனோஸ் என்ற பெயரில் 1989இல் ஜப்பானில் விற்கத் தொடங்கியபோது 1.6 எஞ்சினுக்கு 120 குதிரைவலு, கார் 940 கிலோ. இந்த எடைக்கு 120 என்பது குறைச்சல் இல்லை. சரியாக இருக்கும் 1.6 ரோட்ஸ்டரை 4,000 சுற்றுக்கு மேல் கொண்டு போனால் மனம் நிறைய ஓடும், 7,000 வரை சலிக்காமல் ஏறும். சின்ன ஹைபிரிட் முந்திப் போகிறது என்றால், ஒன்று நீங்கள் கியரைக் குறைக்காமல் ஐந்தாம் கியரிலேயே மிதித்திருக்கிறீர்கள், அல்லது 30 வருஷத்துக்கு மேல் ஓடிய எஞ்சினில் பத்து இருபது குதிரை எங்கோ தொலைந்து போயிருக்கிறது. தொலைந்ததைத் தேடி எடுப்பதுதான் மிக மலிவான வேலை.

முதலில் நான்கு சிலிண்டருக்கும் கொம்பிரஷன், அதாவது உள்ளே காற்று எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், அக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். நான்கு எண்களும் ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றனவா என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்ப்பேன். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் தாழ்ந்திருந்தால், அந்த எஞ்சினுக்குமேல் எந்தச் செலவும் செய்யக் கூடாது.

அடுத்தது உங்கள் வருஷத்துக் காருக்கே உரிய ஒரு விஷயம். 1991 தொடக்கம் வரை வந்த 1.6 எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட்டின் முன் மூக்கு, அதாவது புல்லி பூட்டும் முனை, குட்டையானது. பெல்ட் மாற்றும்போது அதன் போல்ட்டைச் சரியான இறுக்கத்தில் பூட்டாவிட்டால் புல்லியை நகராமல் பிடிக்கும் சாவி என்ற சின்ன இரும்புத் துண்டு மெல்ல மெல்லத் தேய்ந்து புல்லி ஆடத் தொடங்கும். புல்லி ஆடினால் டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம், தானாகப் பின்வாங்கும், இழுவை போகும். எந்த மூக்கு என்று அறிய ஒரு டோர்ச் போதும். புல்லியின் முகத்தில் நான்கு வெட்டுகள் இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் பின்னால் வந்த பலமான மூக்கு. நான் முதன்முதலில் வைத்திருந்த ரோட்ஸ்டரில் இது தெரியாமல் பிளக், வயர், கொயில் என்று ஒவ்வொன்றாக மாற்றி ஐந்து மாதம் கழித்தேன். கடைசியில் டைமிங் லைட் பிடித்துப் பார்த்த ஒரு வயதான மெக்கானிக் பாஸ், குறி நிற்காமல் ஆடுவதைக் காட்டி, "எஞ்சின் சுத்துது, புல்லி தனியா ஆடுது" என்றார். அந்த ஒரு வசனம் எனக்கு ஐந்து மாதத்துக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டும்.

டைமிங் பெல்ட்டின் ஆயுள் 100,000 கிலோமீற்றர். எப்போது மாற்றினார்கள் என்று சித்தப்பாவிடம் கேளுங்கள். பதில் உறுதியாக வரவில்லை என்றால் மாற்றிவிடுங்கள், வோட்டர் பம்ப்பையும் சேர்த்து. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது என்பது ஒரு நிம்மதி. அப்புறம் எஞ்சினின் பின்பக்கம், கெம் சென்சரின் ரப்பர் வளையத்தில் ஒயில் கசியும். சின்ன வளையம்தான், ஆனால் கசியும் ஒயில் கீழே உள்ள ஹீட்டர் குழாய்களை ஊற வைத்துக் கெடுக்கும். பழைய பிளக் வயர்கள் ஏறுமிடங்களில் நெருப்பைத் தவறவிடும், அதையும் புதிதாகப் போடுங்கள்.

இவையெல்லாம் சரியான பிறகு டைமிங்கைத் தொடலாம். ஃபெக்டரி அளவு 10 பாகை. அதை 14 பாகைக்குக் கொண்டுபோவது இந்தக் காரின் மிகப் பழைய இலவச மாற்றம், நடுச் சுற்றில் இழுவை நன்றாகத் தெரியும். அதற்கு 95 ஒக்டேன் ஊற்றிப் பழகுங்கள். 10 பாகையில் நம்முடைய 92 தாராளமாகப் போதும், ஜப்பானிலும் இது சாதாரண பெற்றோலுக்கு அமைத்த எஞ்சின்தான். ஆனால் 14 பாகை, கொழும்பு வெயில், ஏசி ஓடுகிறது, பம்பலப்பிட்டிச் சந்தியில் அரை மணித்தியாலம் நின்றுவிட்டுத் திடீரென மிதிக்கிறீர்கள்: அந்த நேரத்தில் 92இல் எஞ்சின் தட்டலாம், அதாவது சிலிண்டருக்குள் பெற்றோல் ஒழுங்கில்லாமல் தானாக வெடிக்கலாம். இந்த எஞ்சினில் அந்தத் தட்டலை உணரும் நொக் சென்சர் கிடையாது. தட்டினால் கம்பியூட்டருக்குத் தெரியாது, அது தானாக டைமிங்கைக் குறைக்காது. உங்கள் காதுதான் சென்சர்.

வெப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். பஞ்சிகாவத்தையில் எந்த உதிரிப்பாகக் கடையில் கேட்டாலும் முதலில் கையில் தருவது கூம்பு ஏர் ஃபில்டர். சத்தம் அழகாக வரும். ஆனால் அது பொனட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றை உறிஞ்சும். 30 பாகைக் காற்றுக்குப் பதில் 60 பாகைக் காற்றை எஞ்சினுக்குக் கொடுத்தால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 9 சதவீதம் குறைகிறது. வலுவும் அதோடு போகும். வெளியிலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவர ஒரு பெட்டியும் குழாயும் செய்ய முடியாதென்றால் பழைய ஃபில்டர் பெட்டியே இருக்கட்டும்.

ரேடியேற்றரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பிலிருந்து பழுப்பாக மாறியிருந்தால் அது வெடிக்கத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். முன்னால் இரண்டு மின்விசிறிகள் உண்டு. ஏசி போட்டதும் இரண்டும் சுற்றுகின்றனவா பாருங்கள், இங்கே பல கார்களில் ஒன்று செத்துப் பல வருஷமாகியிருக்கும். இந்த எஞ்சின் பிறந்தது முன் சக்கரம் இழுக்கும் மாஸ்டா ஃபமிலியா காரில். அங்கே தண்ணீர் எஞ்சின் தலையின் பின்முனையால் வெளியேறும். ரோட்ஸ்டரில் இடம் போதாமல் தெர்மோஸ்டட்டை முன்னால் கொண்டுவந்தார்கள். அதனால் நான்காவது சிலிண்டருக்குத்தான் சூடு அதிகம். வலு கூட்டுவதாக இருந்தால் தெர்மோஸ்டட்டை மறுபடி பின்னால் கொண்டுபோகும் வேலை நம்மூர் வெயிலுக்கு உண்மையிலேயே பயன் தரும்.

இனிப் பின்பக்கம். உங்கள் கேள்வியில் டிஃபரென்ஷல் (சுருக்கமாக டிஃப், பின் சக்கரங்கள் இரண்டுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) என்ற சொல்லே இல்லை, ஆனால் விஷயம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. உங்கள் எஞ்சினின் முறுக்குவிசை 137 நியூட்டன் மீற்றர். முதல் கியர் 3.136, பின் டிஃப் 4.3. இரண்டையும் பெருக்கினால் பதின்மூன்றரை மடங்கு. அதாவது முதல் கியரில் பின் அச்சுக்குப் போவது 1,800 நியூட்டன் மீற்றருக்கும் மேல். எஞ்சினில் 50 கூட்டினால் பின்னால் கூடுவது 670. 1.6 காரின் டிஃபில் உள்ள பெரிய பல்சக்கரம் 6 அங்குலம்தான். ஃபெக்டரி வலுவுக்கு அது போதும். டேர்போ போட்டவர்கள் முதலில் உடைப்பது அதைத்தான். நீங்கள் கேட்ட கியர்பொக்ஸ் அதைவிடப் பலசாலி. 1.8 காருக்கும் மாஸ்டா அதே ஐந்து கியர் பொக்ஸைத்தான் கொடுத்தது. டிஃபை மட்டும் 7 அங்குலமாக மாற்றியது.

அதனால் என் ஆலோசனை: 1.8 ரோட்ஸ்டரின் டோர்சன் டிஃபைத் தேடுங்கள். டோர்சன் என்பது உள்ளே புழுப்பற்சக்கரங்கள் வைத்த லிமிட்டெட் ஸ்லிப். பிடிமானம் உள்ள சக்கரத்துக்கு அதிக விசையை உடனே அனுப்பும். உங்கள் காரில் இப்போது இருப்பது சாதாரண டிஃப், அல்லது சிலிக்கோன் திரவத்தில் இயங்கும் விஸ்கஸ் வகை. இந்த வயதில் விஸ்கஸ் இருந்தும் இல்லாததுபோல்தான். மே, ஜூன் மழையில் காலி வீதியில் ஒரு சந்தியில் திரும்பும்போது உள் சக்கரம் வீணாகச் சுற்றுவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். டோர்சன் போட்டபின் எஞ்சினைத் தொடாமலே கார் இழுப்பதுபோல் தெரியும். ஒரு சக்கரம் முழுதாக அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் டோர்சன் உதவாது, ஆனால் வீதியில் அது நடப்பதில்லை.

வாங்கும்போது டிஃபை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அதே காரிலிருந்து இரண்டு பக்க அக்சிலும் நடு ஷாஃப்ட்டும் சேர்த்து வாங்க வேண்டும். 1.8இன் இணைப்புகள் பெரியவை, உங்களுடையவை பொருந்தாது. விகிதத்தையும் கேளுங்கள். முதல் 1.8 கார்களில் 4.1, பின்னால் வந்தவற்றில் மறுபடி 4.3. இப்போதைய 1.6 எஞ்சினோடுதான் ஓடப்போகிறீர்கள் என்றால் 4.3 எடுங்கள், ஏனென்றால் 4.1 ஏற்கனவே மந்தமான இழுவையை இன்னும் மந்தமாக்கும். நாளைக்கு 1.8 எஞ்சினும் வரும் என்றால் 4.1 நல்லது. அதிவேகப் பாதையில் 100இல் போகும்போது இப்போது ஏறக்குறைய 3,200 சுற்று இருக்கும், 4.1இல் அது 150 அளவு குறைந்து காதுக்கு இதமாக இருக்கும்.

கியர்பொக்ஸுக்கு ஜிஎல்-4 தரத்தில் 75டபிள்யூ-90 ஒயில் 2 லீற்றர். டிஃபுக்கு ஜிஎல்-5. இரண்டுக்கும் ஒரே கேனிலிருந்து ஊற்றும் பழக்கம் இங்கே பல கராஜ்களில் இருக்கிறது, பக்கத்தில் நின்று பாருங்கள். கியர் தடியின் அடியில் தனியாக ஒரு சின்ன ஒயில் கிண்ணமும் ரப்பர் உறைகளும் உண்டு. அது வற்றி உறை கிழிந்திருந்தால் கியர் கரகரக்கும், காருக்குள் சூட்டுக் காற்று வரும். செலவு கொஞ்சம்தான், செய்து முடித்ததும் தடி கைக்குள் வழுக்கிக்கொண்டு போகும். இந்தக் காரை நேசிக்க வைப்பதே அந்தக் கியர் மாற்றம்தான் என்பது என் எண்ணம். கிளச் 1.6இல் 200 மில்லிமீற்றர், 1.8இல் 215. 1.8இன் ஃபிளைவீலோடு சேர்த்து மாற்றினால் உங்கள் எஞ்சினிலேயே பொருந்தும். கிளச் எப்படியும் தேய்ந்திருந்தால் நேராக அதற்கே போங்கள். ரேஸ் கிளச், மிக இலேசான ஃபிளைவீல் இரண்டும் கொழும்பு நெரிசலில் காலுக்கும் பொறுமைக்கும் தண்டனை.

இவ்வளவும் முடிந்தபின் 1.8 எஞ்சின். 130 குதிரைவலு என்று பார்த்தால் பத்துத்தான் கூடுதல். ஆனால் முறுக்குவிசை 157, அதுவும் 5,500க்குப் பதில் 4,500 சுற்றிலேயே. நகரத்தில் நீங்கள் தேடுவது அதுதான். உங்கள் எஞ்சின் மவுண்ட்டிலும் கியர்பொக்ஸிலும் நேராக உட்காரும். கம்பியூட்டர், காற்று அளக்கும் கருவி, வயரிங் மூன்றையும் அதே காரிலிருந்து வாங்குங்கள். பழைய 1.6இன் கதவுபோல் திறக்கும் காற்றளவியை வைத்தே ஓட்டலாம் என்பார்கள். ஓடும், ஆனால் முழு வலு வராது. "அதே எஞ்சின்தான்" என்று ஃபமிலியா எஞ்சினைக் காட்டினால் அவசரப்படாதீர்கள். குடும்பம் ஒன்றுதான், ஆனால் ஒயில் தொட்டியும் தண்ணீர் வழியும் வேறு.

டேர்போவை ஏன் வேண்டாம் என்றேன்? உங்கள் எஞ்சினின் அமுக்க விகிதம் 9.4. நொக் சென்சர் இல்லை. பொனட்டுக்குள் இன்னொரு அடுப்பு வைப்பதுபோல் ஆகிவிடும். அதற்குத் தனிக் கம்பியூட்டர், பெரிய இன்ஜெக்டர், இன்டர்கூலர், நல்ல ரேடியேற்றர், டைனோ என்ற வலு அளக்கும் கருவியில் வைத்து டியூன் செய்யத் தெரிந்த ஆள், அத்தனையும் வேண்டும். ஒன்றைக் குறைத்தாலும் பிஸ்டன் போகும். நுவரெலியா மஹகஸ்தோட்டையில் மலையேற்றக் காரோட்டப் போட்டி ஓடுபவருக்கு அந்த உழைப்பு தகும். தினமும் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகும் காருக்குத் தகாது.

பிரேக்கை மறக்க வேண்டாம். முன் டிஸ்க் 1.6இல் 235 மில்லிமீற்றர், 1.8இல் 255. டிஃப் வாங்கும் அதே காரிலிருந்து டிஸ்க்கையும் கலிப்பர் தாங்கியையும் கேளுங்கள்.

எஞ்சின் மாற்றினால் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் மாற வேண்டும். காசு கொடுக்கும் முன்பே நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் என்னென்ன பத்திரம் வேண்டும் என்று விசாரியுங்கள். எஞ்சின் விற்பவரிடம் பற்றுச்சீட்டும் இறக்குமதிப் பத்திரமும் இல்லையென்றால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். வருஷாவருஷம் வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனையும் உண்டு, எஞ்சின் சரியாக டியூன் ஆகியிருந்தால் அதற்குப் பயப்படத் தேவையில்லை.

இப்போதைக்கு இந்தச் சனிக்கிழமை கொம்பிரஷன் பாருங்கள், புல்லியின் வெட்டுகளை எண்ணுங்கள். நான்கு எண்களையும் வெட்டுகளின் எண்ணிக்கையையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். எஞ்சினை மாற்றுவதா, இருப்பதையே தேற்றுவதா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.