டர்ன்-பேஸ்டு ஸ்ட்ராடஜி கேம்களுக்கு இன்னும் மார்க்கெட் இருக்கிறதா?

கேள்வி: டர்ன்-பேஸ்டு ஸ்ட்ராடஜி கேம்கள் (ஒருவர் மாற்றி ஒருவர் முறை வைத்து, யோசித்து ஆடும் உத்தி விளையாட்டுகள்) ஏன் துப்பாக்கிச் சண்டை போடும் ஷூட்டர் கேம்கள் அளவுக்குப் போகவில்லை? இந்த அவசர காலத்தில் முறை வைத்து ஆட யாருக்குப் பொறுமை இருக்கிறது? புதிதாக வருபவர் எதில் ஆரம்பிக்கலாம்?

முதலில் பொறுமையை விட்டுவிடுங்கள், பழி அதன்மேல் இல்லை. போக்கிமானின் முக்கிய வரிசை 1996-லிருந்து முறை வைத்து அடித்துக்கொள்ளும் ஆட்டம்தான். அதில் ஸ்கார்லெட், வயலட் இரண்டும் 2022 நவம்பரில் வெளியான மூன்றே நாளில் 1 கோடி பிரதி விற்றன. பால்டர்ஸ் கேட் 3-இல் ஒரு சண்டையே அரை மணி நேரம் ஓடும், ஒவ்வொருவராகத்தான் அடிக்க வேண்டும், அதுதான் 2023 கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த கேம். செஸ்.காம் தளத்தில் 2022 கடைசியில் உறுப்பினர்கள் 10 கோடியைத் தாண்டினார்கள். ‘இதெல்லாம் ஸ்ட்ராடஜி கேமா, இரண்டு ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் ஆடும் வகை), இன்னொன்று சதுரங்கம்’ என்று யாராவது கமெண்டில் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். முறை வைத்து ஆடுவது மக்களுக்குப் பிடிக்காத விஷயம் இல்லை, அதை மட்டும்தான் சொல்ல வருகிறேன்.

ஆனால் கேம்களை வெளியிடும் பப்ளிஷர்கள் ரொம்ப நாள் இது மக்களுக்குப் பிடிக்காது என்றுதான் நம்பினார்கள். எக்ஸ்காம் என்பது வேற்றுக்கிரகவாசிகளோடு சண்டை போடும் பழைய டர்ன்-பேஸ்டு ஸ்ட்ராடஜி கேம், அந்தப் பெயரை 2கே என்ற பப்ளிஷர் நிறுவனம் கையில் வைத்துக்கொண்டு அதை ஒரு ஷூட்டராக மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. ஏன் ஷூட்டர் என்று 2011-இல் கேட்டபோது, அந்த நிறுவனத்தின் தலைவர் கிறிஸ்டோஃப் ஹார்ட்மன் ஸ்ட்ராடஜி கேம்கள் இந்தக் காலத்துக்கு ஒத்துவராதவை என்கிற மாதிரி பதில் சொன்னார். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அதே 2கேவின் கீழ் இருக்கும் ஃபிராக்ஸிஸ் ஸ்டூடியோ, ஜேக் சாலமன் தலைமையில் 2012 அக்டோபரில் எக்ஸ்காம்: எனிமி அன்னோன் கேமை டர்ன்-பேஸ்டாகவே கொண்டுவந்தது, பெரிய அளவில் பேசப்பட்டது, அடுத்த பாகமும் வந்தது. அந்த ஷூட்டர் 2013-இல் தி பியூரோ என்று பேர் மாறி வந்து போனது. இன்று அதைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

சரி, அப்படியானால் எங்கேதான் ஆட்கள் கழன்றுகொள்கிறார்கள்? என்னைக் கேட்டால் இரண்டு இடம்.

ஒன்று, பிற்பாதி. ஒரு நாட்டை ஆதிகாலத்திலிருந்து வளர்த்துக்கொண்டு போகும் சிவிலைசேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முப்பது டர்ன் மாதிரி ஒரு சுகம் வேறு எந்த கேமிலும் கிடையாது. ஒரு நகரம், வேவு பார்க்க ஒரு ஸ்கௌட், அந்த மலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற ஆவல், ஒவ்வொரு டர்னிலும் ஒரே ஒரு முடிவு, அதுவும் நிஜமான முடிவு. இருநூறாவது டர்னில் என்ன கதி? பத்துப் பன்னிரண்டு நகரம், ஒவ்வொன்றும் ‘அடுத்து என்ன கட்டட்டும்’ என்று கேட்கும், வேலை இல்லாமல் நிற்கும் யூனிட்கள் (படைகள், வேலையாட்கள்) ஒவ்வொன்றாகத் திரையை இழுக்கும், பக்கத்து நாட்டுக்காரன் போன தடவை மறுத்த அதே பண்டமாற்றை மறுபடி நீட்டுவான். ஜெயிக்கப்போவது நாம்தான் என்பது எப்போதோ தெரிந்துவிட்டது, ஆனால் அதை நிரூபிக்க இன்னும் பல மணி நேரம் கிளிக் செய்ய வேண்டும். நானும் பெரும்பாலும் அந்த இடத்தில் மூடிவிட்டுப் புது ஆட்டம் தொடங்கிவிடுவேன், என்னைப் போல நிறையப் பேர் உண்டு.

சிவிலைசேஷனைச் செய்வதும் அதே ஃபிராக்ஸிஸ்தான், இது அவர்களுக்கும் நன்றாகவே தெரியும். அதற்கு மருந்தாகத்தான் 2025 பிப்ரவரியில் வந்த சிவிலைசேஷன் 7-இல் ஆட்டத்தை மூன்று யுகமாக வெட்டினார்கள், ஒவ்வொரு யுகத்துக்கும் நாம் ஆளும் நாடே மாறும்படி வைத்தார்கள், சுமை ஓரளவு இறங்கியது. யோசனை சரி. ஆனால் பழைய ரசிகர்களுக்கு ‘என் நாட்டை ஏன் பிடுங்குகிறாய்’ என்ற கோபம், கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ரிவ்யூக்கள் கலவையாக வந்தன, வெளியாகிப் பல மாதம் கழித்தும் 2016-இல் வந்த சிவிலைசேஷன் 6-ஐ (சுருக்கமாக சிவ் 6) ஆடியவர்கள்தான் அங்கே அதிகம். புது ஆளுக்காக மாற்றினால் பழைய ஆள் முறைப்பான், மாற்றாவிட்டால் புது ஆள் வரமாட்டான். இந்தத் தலைவலி இந்த வகைக்கு எப்போதும் உண்டு.

இரண்டாவது, தோல்வி யார் தப்பு என்று தெரியாமல் போவது. ஷூட்டரில் செத்தால் ‘கை தவறிவிட்டது’ என்று உடனே புரியும். எக்ஸ்காமில் வேற்றுக்கிரகவாசியின் மூக்குக்கு நேரே துப்பாக்கியை நீட்டி நிற்கிறான் உங்கள் சிப்பாய், திரையில் 95% என்று இருக்கிறது, சுடுகிறான், குண்டு கூரையில் போய்ப் படுகிறது. அடுத்த டர்னில் அவன் காலி. பத்து மணி நேரம் வளர்த்த ஆள்! கணக்குப்படி இருபதில் ஒரு தடவை அப்படி ஆகத்தான் வேண்டும், ஆனால் மனசு கணக்கு போடுவதில்லை. சிவிலைசேஷனை உருவாக்கிய சிட் மையர் 2010-இல் கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டில் பேசும்போது இதையேதான் சொன்னார்: மூன்றுக்கு ஒன்று என்று நமக்குச் சாதகமாக இருக்கும்போது தோற்றால் ஆடுபவர் கொதிக்கிறார், அதே ஒன்றுக்கு மூன்று என்று எதிராக இருக்கும்போது ஜெயித்தால் வாயைத் திறப்பதில்லை.

அதனால் கேம் செய்பவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா, பொய் சொல்கிறார்கள். ஃபயர் எம்ப்ளம் என்பது நிண்டெண்டோவின் டர்ன்-பேஸ்டு போர் கேம் வரிசை. 2002-இல் வந்த பைண்டிங் பிளேட் தொடங்கிப் பல ஃபயர் எம்ப்ளம் கேம்களில் ஒரு எண்ணுக்குப் பதில் இரண்டு ரேண்டம் எண்களை எடுத்து, அதன் சராசரியை வைத்துத்தான் அடி பட்டதா இல்லையா என்று முடிவு செய்கிறது. விளைவு, திரையில் 90% என்றால் உள்ளே கிட்டத்தட்ட 98%. 75% என்றால் 87-க்கு மேல். 10% என்று காட்டினால் நிஜத்தில் 2% தான். நமக்கு ‘நியாயமாக’ தெரிவது இந்தப் பொய்க் கணக்குதான். எக்ஸ்காம் 2-லும் எளிய லெவல்களில் சத்தமில்லாமல் நமக்குக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிறது.

இன்டு தி ப்ரீச் இந்தப் பிரச்சினையை வேறு பக்கமிருந்து உடைத்தது, அதனால்தான் எனக்கு அது அவ்வளவு பிடிக்கும். எட்டுக்கு எட்டுக் கட்டம், மூன்று ரோபோ, எதிரி அடுத்து யாரை அடிக்கப் போகிறான் என்பதை முன்கூட்டியே காட்டிவிடும். உங்கள் அடி குறி தப்புவதே கிடையாது. தோற்றால் எதிரியை நீங்கள்தான் தப்பான பக்கம் தள்ளியிருப்பீர்கள், யாரையும் திட்ட முடியாது. இரண்டு பேர் தொடங்கிய சின்ன ஸ்டூடியோவின் வேலை அது, 2018-இல் வந்தது.

இங்கேதான் பணம் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வகை கேமுக்கு ஒரு நிரந்தரக் கூட்டம் இருக்கிறது, விசுவாசமானது, பழைய கேமையும் வருஷக்கணக்கில் விடாமல் ஆடும். ஆனால் அந்தக் கூட்டம் வெளியான வாரமே ஓடிவந்து வாங்குவதில்லை. 2022 டிசம்பரில் மிட்நைட் சன்ஸ் வந்தது. மார்வெல் நாயகர்கள், அதே ஃபிராக்ஸிஸ், அதே சாலமன், விமர்சகர்கள் பாராட்டினார்கள், விற்பனை மட்டும் எதிர்பார்த்தபடி இல்லை. அதே ஆண்டு மரியோவை வைத்து யூபிசாஃப்ட் விட்ட ஸ்பார்க்ஸ் ஆஃப் ஹோப்பும் தங்கள் எதிர்பார்ப்பைத் தொடவில்லை என்று அந்த நிறுவனமே சொன்னது. இரண்டுமே மோசமான கேம் கிடையாது, மிட்நைட் சன்ஸின் சீட்டுச் சண்டை பிரமாதம் (நடுவில் அந்தத் தோழமைப் பேச்சுகள் கொஞ்சம் இழுவை, அது வேறு விஷயம்). பெரிய பெயர் ஒட்டினால் பெரிய கூட்டம் வரும் என்று பட்ஜெட் போட்டதுதான் தப்பு.

ஃபயர் எம்ப்ளம் நேர்மாறு. இதுவும் சரியாக விற்கவில்லையென்றால் இந்த வரிசையையே மூடிவிடுவோம் என்ற நிலையில்தான் அவேக்கனிங் என்ற பாகம் உருவானது. ஜப்பானில் 2012, மற்ற இடங்களில் 2013. செத்தவன் செத்தவன்தான் என்ற பழைய விதியை வேண்டாதவர்கள் நிறுத்திவைத்துக்கொள்ளலாம், பாத்திரங்களுக்கு நடுவே நட்பு, கல்யாணம் எல்லாம் உண்டு. வரிசை பிழைத்தது, 2019-இல் வந்த த்ரீ ஹவுசஸ் 30 லட்சத்துக்கும் மேல் விற்றது. கட்டத்தில் நகரும் போர் அடிப்படையில் மாறவில்லை, அதற்குள் நுழையும் வாசலைத்தான் அகலப்படுத்தினார்கள். சுத்தபத்தம் பார்க்கும் ரசிகர்கள் இதைக் கேவலமாகப் பேசுவார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.

ஷூட்டர் அளவுக்குப் போகுமா என்றால், போகாது என்றுதான் நினைக்கிறேன். போக வேண்டும் என்று ஆசையும் இல்லை.

ஆரம்பிக்க: கையில் போன் மட்டும்தான் என்றால் பேட்டில் ஆஃப் பாலிடோபியா, அதில் பெர்ஃபெக்ஷன் மோடு 30 டர்னில் முடிந்துவிடும், சிவ் பிடிக்குமா பிடிக்காதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் இருந்தால் இன்டு தி ப்ரீச், பிறகு 2012 எக்ஸ்காம். 1994-இல் வந்த மூல எக்ஸ்காமை இப்போதே தொடாதீர்கள்: பதினான்கு சிப்பாய் வரை விமானத்தில் ஏற்றி, ஒவ்வொருவனுக்கும் டைம் யூனிட் (ஒரு டர்னில் அவன் செலவழிக்கக்கூடிய புள்ளி) எண்ணி எண்ணி நகர்த்த வேண்டும். 2012-இல் அதை ஆளுக்கு இரண்டு ஆக்‌ஷன், அதிகபட்சம் ஆறு பேர் என்று சுருக்கிவிட்டார்கள். சிவ் என்றால் 6-ஐ தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளுங்கள், சின்ன மேப்பில் ஆடுங்கள், பாதியில் சலித்தால் தயங்காமல் மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.