வெடிக்கும் விண்மீனைக் கணினியில் எரிப்பது: கேள்வி பதில்

கேள்வி: சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறதே, வெடிக்கிற வெள்ளைக் குள்ளனை அப்படியே ஓட்டிப் பார்க்க முடியாதா சார்?

முடியாதுங்க, இடிப்பது அளவில்தான். வெள்ளைக் குள்ளன் என்பது சூரியன் போன்ற விண்மீன் வயதாகி விட்டுச்செல்லும் அடர்ந்த கரு. வெடிக்கப்போகும் குள்ளனின் ஆரம் சுமார் 2000 கிலோமீட்டர், ஆனால் அதன் மையத்தில் கார்பன் எரியும் சுடரின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. முழு விண்மீனையும் கட்டங்களாகப் பிரித்து முப்பரிமாணத்தில் ஓட்டும்போது ஒரு கட்டமே கிலோமீட்டர் கணக்கில் இருக்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் உருவான ஃபிளாஷ் நிரல், தேவையான இடத்தில் மட்டும் கட்டங்களைச் சிறிதாக்கும். அதுவும் போதாது என்பதால் சுடரையே சில கட்டங்கள் அகலத்துக்கு வேண்டுமென்றே தடிமனாக்கி, வேகத்தை மட்டும் தனியாகக் கணித்துக் கொடுக்கிறார்கள். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், சுடரின் வேகத்தை எப்படிக் கணித்தீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

கேள்வி: எத்தனை அணுக்கருக்களைக் கணக்கில் எடுக்கிறார்கள்?

ஓட்டத்தின்போது ஹீலியம் முதல் நிக்கல்-56 வரை 13 வைத்தாலே ஆற்றல் ஓரளவு சரியாக வரும். வாயுவோடு மிதக்கும் தடத்துகள்கள் பதிவுசெய்த வெப்பநிலையையும் அடர்த்தியையும் வைத்து, நூற்றுக்கணக்கான அணுக்கருக்களோடு அப்புறம் தனியாகக் கணக்கிடலாம்.

கேள்வி: ப்ராஜெக்டுக்கு ஆய்லர் முறையில் எழுதினேன், கார்பன் மைனஸில் போகிறது. எங்கே தப்பு?

சமன்பாட்டில் தப்பு இருக்காது, முறையை மாற்றுங்கள். ஆய்லர் முறை இப்போதைய வேகத்தை வைத்தே அடுத்த கணத்தைக் கணிக்கும், படி பெரிதானால் இருப்பதைவிட அதிகமாகக் கழித்துவிடும். சில வினைகள் கண்ணிமைப்பதில் கோடியில் ஒரு பங்கில் முடியும், சில நிதானமாக நடக்கும். போதாததற்கு வெப்பநிலை 10 சதவீதம் ஏறினாலே கார்பன் எரியும் வேகம் பல மடங்காகிவிடும். அடுத்த கணத்தின் அளவுகளையே தெரியாத எண்களாக வைத்து, எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்க்கும் மறைமுக முறைக்குப் போங்கள். ஒவ்வொரு படியிலும் நிறைப் பின்னங்களின் (மொத்த நிறையில் ஒவ்வொரு அணுக்கருவின் பங்கு) கூட்டுத்தொகை 1 வருகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: விடை சரி என்று எதை வைத்துச் சொல்வது?

நிக்கல்-56ஐ வைத்துத்தான். வழக்கமான 1ஏ வகை வெடிப்பில், அதாவது வெள்ளைக் குள்ளன் வெடிக்கும் சூப்பர்நோவாவில், சுமார் 0.6 சூரிய நிறை உண்டாகிறது. அரை ஆயுள் 6 நாள். அப்புறம் கோபால்ட், அதற்கு 77 நாள், கடைசியில் இரும்பு. அந்தச் சிதைவின் ஆற்றல்தான் நாம் பார்க்கும் வெளிச்சம், அதனால் கணக்கில் வரும் நிக்கலை அதோடு ஒப்பிடலாம். எம்82 என்ற விண்மீன் மண்டலத்தில் (கேலக்ஸி) 2014இல் வெடித்ததிலிருந்து வந்த கோபால்ட்டின் காமா கதிர்களை இன்டெக்ரல் செயற்கைக்கோள் நேரடியாகவே பார்த்துவிட்டது.

கேள்வி: மெதுவாக எரிகிறதா, ஒரேயடியாக வெடிக்கிறதா?

சந்திரசேகர் வரம்பை, அதாவது ஒரு வெள்ளைக் குள்ளன் தாங்கக்கூடிய அதிகபட்சமான 1.4 சூரிய நிறையை, நெருங்கிய குள்ளனுக்குச் சொல்கிறேன். மெதுவாக மட்டும் எரிந்தால் கார்பன் மிச்சமாகி வெடிப்பு பலவீனமாகும். முதலிலேயே வெடித்தால் ஏறக்குறைய எல்லாமே இரும்புக் குழுவுக்கு (இரும்பு, நிக்கல் போன்றவை) போய்விடும், வெடிப்பின் ஒளியைப் பிரித்துப் பார்க்கும் நிறமாலையில் தெரியும் சிலிக்கானுக்கும் கந்தகத்துக்கும் இடமே இருக்காது. அதனால் முதலில் எரிந்து விரிந்து, பிறகு வெடிக்கும் என்ற யோசனையை 1991இல் வானியற்பியலாளர் கோக்லோவ் முன்வைத்தார். பெரும்பாலான ஓட்டங்களில் அந்த மாற்றம் எந்த அடர்த்தியில் நடக்கும் என்பதை நாமேதான் நிரலில் எழுதிக் கொடுக்கிறோம். அந்த எண்ணை மாற்றினால் நிக்கலின் அளவும் மாறும்.