இரண்டாவது கோடு வேண்டாம்

கேள்வி: ஐயா, வணக்கம். வீடு மாற்றிப் போன உறவினர் ஒருவர் தன் மீன் தொட்டியை எனக்குக் கொடுத்துவிட்டார். நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். வண்டியில் கொண்டுவரும்போது முன் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. மற்றவை நன்றாக இருக்கின்றன. எல்லாம் 6 மி.மீ. கனம். அவற்றை வெட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் சின்னத் தொட்டி செய்ய ஆசை. கட்டர் வாங்கி, பக்கக் கண்ணாடி ஒன்றை வெட்டிப் பார்த்தேன். கோடு சரியாக விழவில்லை என்று அதன் மேலேயே இன்னும் இரண்டு முறை இழுத்தேன். ஒடித்தால் பாதிவரை நேராக வந்து, அப்புறம் வளைந்து ஓடிவிட்டது. பழைய கண்ணாடி வெட்ட வராதா?

– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வரும். மதுரையில் 26 வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பழைய தொட்டிக் கண்ணாடி எத்தனையோ வெட்டியிருக்கிறேன். உங்கள் கண்ணாடி கெட்டுப்போனது வயதால் அல்ல, அந்த இரண்டாவது கோட்டால்.

கட்டர் கண்ணாடியை வெட்டுவதில்லை. மேலே ஒரு மெல்லிய கீறல் போடுகிறது, அவ்வளவுதான். ஒடிக்கும்போது அந்தக் கீறலின் அடியில் இருக்கும் நுண்ணிய பிளவு கீழே இறங்குகிறது. அதே கோட்டில் மறுபடி கட்டர் முனையில் இருக்கும் சக்கரத்தை ஓட்டினால் ஓரங்கள் நொறுங்கி, பக்கவாட்டிலும் பிளவுகள் கிளம்பும். எந்தப் பிளவு வழியாகப் போவது என்று கண்ணாடிதான் முடிவு செய்யும், நாம் அல்ல. முதல் கோடு சரியில்லை என்று தோன்றினால், அதை விட்டுவிட்டு ஒரு அங்குலம் தள்ளிப் புதிதாகப் போடுங்கள்.

முதல் கோடு ஏன் விழவில்லை என்பதையும் பார்க்கவேண்டும். திண்டுக்கல் பக்கத்துத் தண்ணீரில் பல ஊர்களில் உப்பு அதிகம். தொட்டியின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பிலும், ஓரத்தில் ஒட்டியிருக்கும் பழைய சிலிக்கான் பசைப் பிசிறிலும் சக்கரம் ஏறி இறங்கும். அந்த இடத்தில் கோடு விட்டுப்போகும். வளைவு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். அதனால் முதலில் சவர பிளேடை ஏறக்குறைய படுக்கவைத்து, சிலிக்கானை முழுசாக வழித்தெடுங்கள். உப்புக்கு, வினிகரில் நனைத்த துணியை ஒரு மணி நேரம் போர்த்தி வைத்தால் போதும். கோட்டை எப்போதும் தண்ணீர் படாத வெளிப்பக்கத்திலேயே போடுங்கள்.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்புவது. பின் கண்ணாடியை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்து, உள்பக்கம் அடியிலிருந்து நான்கைந்து அங்குலம்வரை விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அங்கங்கே நகம் தட்டும். பாசி வழிக்கும்போது சுரண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்ட மணல் போட்ட கீறல்கள் அவை. எங்கோ மேலே ஒன்றிரண்டு இருக்கலாம், கூட்டமாக இருப்பது மணல் மட்டத்தை ஒட்டித்தான். உங்களுக்கு ஒன்றரை அடி உயரத்தில் ஓரடிதான் வேண்டும். ஆகவே அடியில் இருக்கும் அந்த ஆறு அங்குலத்தை வெட்டி ஒதுக்கிவிட்டு, மேல் ஓரடியை எடுத்துக்கொள்ளுங்கள். பலர் மேல்பக்கம் உப்புக்கறையாக இருக்கிறதே என்று அதை வெட்டிப் போடுவார்கள். கறை போய்விடும், கீறல் போகாது.

உயரத்தைக் குறைத்தது நல்ல முடிவு என்பதையும் சொல்லவேண்டும். இரண்டடி அகலக் கண்ணாடியில் ஓரடி தண்ணீர் நின்றால் மொத்தத் தள்ளல் சுமார் 28 கிலோ. ஒன்றரை அடி நின்றால் 60 கிலோவைத் தாண்டிவிடும். உயரம் ஒன்றரை மடங்கு, தள்ளல் இரண்டேகால் மடங்கு. பழைய கண்ணாடிக்கு அந்தச் சுமை தேவையில்லை.

கண்ணாடி போதுமா என்று கவலைப்படாதீர்கள். பின் கண்ணாடியை நடுவில் ஒடித்தால் முன்னும் பின்னும் கிடைத்துவிடும். அடிக் கண்ணாடியின் ஒரு பாதியில் அடி. மீதமிருக்கும் பக்கக் கண்ணாடியில் ஒரு பக்கம், அடிக் கண்ணாடியின் மறுபாதியில் கீறல் குறைந்த இடமாகப் பார்த்து இன்னொரு பக்கம். நான்கு சுவர்களும் அடிக் கண்ணாடியின் மேல் நிற்கட்டும். அடி, முன், பின் மூன்றும் 610க்கு 305 மி.மீ. பக்கங்கள் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் வருவதால், 305இல் இரண்டு கனம் 12ஐயும், சிலிக்கானுக்கு இருபுறமும் ஒவ்வொரு மி.மீட்டரையும் கழித்து, அகலம் 291. இந்தக் கழித்தலை மறந்துவிட்டுக் கடைக்கு ஓடி வருபவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

வெட்டும் முன் ஒரு சோதனை. சில ரெடிமேட் தொட்டிகளில் அடிக் கண்ணாடி டஃபன்டு, அதாவது 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் காற்றடித்துக் குளிரவைத்தது. அதை யாராலும் வெட்டமுடியாது. கடை போட்ட இரண்டாவது வருடம், எங்கிருந்தோ கழற்றிய கதவுக் கண்ணாடி ஒன்று வந்தது. மூலையில் இருந்த டஃபன்டு முத்திரையைப் பார்க்காமல் கோடு போட்டு அழுத்தினேன். மொத்தமும் பயறு பயறாகக் கொட்டியது. கண்ணில் கண்ணாடி போட்டிருந்ததால் பிழைத்தேன். முத்திரை இல்லாவிட்டாலும், லேப்டாப்பில் வெள்ளைத் திரையை வைத்து அதன் முன் கண்ணாடியைப் பிடியுங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸைத் திரை இருட்டாகும்வரை திருப்பி, அதன் வழியே பாருங்கள். திட்டுத்திட்டாகவோ பட்டைபட்டையாகவோ வெளிச்சம் தெரிந்தால் அதை வெட்டாதீர்கள்.

சமமான மேஜை, மேலே மடித்த போர்வை. சக்கரத்தை மண்ணெண்ணெயிலோ தையல் மிஷின் எண்ணெயிலோ தொட்டுக்கொள்ளுங்கள். கட்டரை நிமிர்த்திப் பிடித்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நிற்காமல் ஒரே இழுப்பு. புதுத்துணி கிழிகிற மாதிரி சீரான சத்தம் வரவேண்டும். கோடு வெள்ளையாகப் பொடி பறந்தால் அழுத்தம் அதிகம். நல்ல கோடு கண்ணுக்கே சரியாகத் தெரியாது. போட்டதும் ஒடித்துவிடுங்கள், டீ குடித்துவிட்டு வரலாம் என்று வைக்காதீர்கள். கோட்டை மேஜை விளிம்புக்கு நேராக வைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தைக் கீழ்நோக்கி ஒரே சீராக அழுத்தவேண்டும். நான்கடிக் கண்ணாடிக்கு இன்னொருவர் துணை வேண்டும். பிளவு எப்போதும் ஒடுங்கிய பக்கம் சாயப் பார்க்கும் என்பதால் முதலில் நடுவெட்டு, ஆறு அங்குலப் பட்டை அப்புறம். உடைந்த பக்கக் கண்ணாடித் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அவற்றில் பத்துக் கோடு போட்டுப் பழகிவிட்டு, பெரிய கண்ணாடியைத் தொடுங்கள்.

வெட்டிய விளிம்பைத் தண்ணீரில் நனைத்த சாணைக்கல்லால் கூர்மை மட்டும் போகும்படி தேயுங்கள். உலர்த்தேய்ப்பு வேண்டாம், அந்தத் தூள் நெஞ்சுக்குக் கெடுதல். தோல் கையுறை, மூடிய செருப்பு கட்டாயம்.

கேள்வி: பழைய சிலிக்கான் மேலேயே புதுசு பூசினால் நிற்காதா? எந்த சிலிக்கான் வாங்குவது?

– ஒரு வாசகி, சேலம்

பதில்: நிற்காதம்மா. ஆறிப்போன சிலிக்கானில் புதுசு பிடிக்காது. பிளேடால் வழித்தபின் அசிட்டோனில் துணியை நனைத்துத் துடையுங்கள். விரலால் தடவினால் வழுக்கல் இருக்கக்கூடாது. வாங்கும்போது மீன் தொட்டிக்கு என்று எழுதியிருப்பதாகப் பாருங்கள். குளியலறைக்கான, பூஞ்சை தடுக்கும் சிலிக்கான் வேண்டாம், அந்த மருந்து மீனைக் கொல்லும். ஒட்டியபின் சிலிக்கானின் வினிகர் வாடை முழுக்கப் போகும்வரை, குறைந்தது 48 மணி நேரம், முடிந்தால் ஒரு வாரம் விடுங்கள். முதல் தண்ணீரை வாசலில் வைத்து நிரப்பி, ஒரு நாள் அப்படியே வைத்துப் பாருங்கள்.