இலையுதிர்காலத்தை அன்றாட வாழ்க்கையில் ரசிப்பது எப்படி? ஸ்ரீநகரிலிருந்து ஒரு பதில்

சுற்றுலா போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதைத் தவிர, சமையல், கலை, உடை, வீடு இவற்றின் வழியாக இந்தப் பருவத்தை அனுபவிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கும்பகோணத்துக்காரன். வேலை நிமித்தம் ஸ்ரீநகரில் குடியிருக்கிறேன். நமக்கு ஐப்பசி என்றால் அடைமழை. இங்கே அதே மாதத்தில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும், வெயில் மஞ்சளாகச் சாய்ந்து விழும். செப்டம்பரில் தொடங்கி நவம்பர் முடிய உள்ள இந்தப் பருவத்தை 'ஹருத்' என்கிறார்கள்.

நான் இங்கே பார்த்த வரையில், காஷ்மீரிகள் ஹருதை ரசிப்பது குளிர்காலத்துக்கு வீட்டைத் தயார்செய்வதில்தான். டிசம்பர் 21-ஆம் தேதி 'சில்லை கலான்' என்ற நாற்பது நாள் கடுங்குளிர் தொடங்கும். பனி விழுந்தால் ஜம்மு நெடுஞ்சாலை அடைபடும், காய்கறி லாரி வராது. அதற்குள் வீட்டில் என்னென்ன சேர வேண்டும் என்ற கணக்கில்தான் சமையல், துணி, சுவர், கூரை எல்லாமே ஓடுகின்றன. அந்த வேலைகளில் நீங்களும் கொஞ்சம் கை வைத்தால் போதும், பருவம் தானாக உங்களுக்குள் வந்துவிடும்.

சமையலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்குப் பிடித்தது அதுதான். கோடைக் கடைசியிலிருந்தே பழைய ஸ்ரீநகரின் ஜன்னல்களில் சுரைக்காய் வளையங்கள் மாலை மாலையாகத் தொங்கும். பக்கத்திலேயே சிவப்பு மிளகாய்ச் சரம். நீளமாகக் கீறிய கத்திரிக்காய், பாதியாக வெட்டிய தக்காளி, டர்னிப் எல்லாம் வெயிலில் காயும். மொத்தத்துக்கும் 'ஹோக் ஸ்யூன்' என்று பெயர். சுரைக்காய் என்றால் 'அல் ஹச்', கத்திரிக்காய் என்றால் 'வாங்கன் ஹச்'. நம் கத்திரிக்காய் வற்றல் நினைவுக்கு வரும். ஆனால் நாம் வற்றலைக் குழம்பில் போடுவோம், அல்லது எண்ணெயில் பொரித்துத் தொட்டுக்கொள்வோம். இவர்கள் வெந்நீரில் ஊறவைத்து, பிழிந்து, முழுக் காய்கறியாகவே சமைக்கிறார்கள். காய்ந்த சுரைக்காய்க்குப் பச்சைச் சுரைக்காயில் இல்லாத ஒரு மெல்லும் பதம் வந்துவிடுகிறது. இதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். ஒரு கத்தி, ஊசி நூல், நல்ல வெயில் இருந்தால் எந்த ஊரிலும் செய்யலாம்.

இந்தப் பருவத்துக்கே உரிய ஒரு பழம் உண்டு: 'பம்ச்சூண்ட்'. ஆப்பிளுக்கும் பேரிக்காய்க்கும் உறவுக்காரப் பழம். வாசனை அறை முழுக்க நிறையும். பச்சையாகக் கடித்தால் துவர்ப்பில் வாய் சுருங்கிவிடும். அதனால் கத்திரிக்காயோடு சேர்த்துச் சமைக்கிறார்கள். வீட்டுக்கார அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது: கடுகெண்ணெயைப் புகை வரும்வரை காய்ச்சி, பழத் துண்டுகளையும் கத்திரிக்காயையும் தனித்தனியாகப் பொன்னிறத்துக்கு வறுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதே எண்ணெயில் காஷ்மீரி மிளகாய்த்தூள், மஞ்சள், சோம்புத்தூள், சுக்குத்தூள், உப்பு, கொஞ்சம் தண்ணீர். கொதித்ததும் வறுத்ததைப் போட்டு, எண்ணெய் பிரியும் வரை சிறுதீயில் விட வேண்டும். பழத்தின் புளிப்பு கத்திரிக்காய்க்குள் இறங்கிவிடும். சுடுசோற்றோடு சாப்பிட்டுப் பாருங்கள். புளிக்குழம்பில் வளர்ந்த நாக்குக்கு இது கொஞ்சமும் அந்நியமாகத் தெரியாது.

தால் ஏரியில் தாமரைத் தண்டு அறுவடையும் இப்போதுதான் சூடுபிடிக்கும். 'நத்ரு' என்பார்கள். தயிரில் சோம்பும் சுக்கும் சேர்த்துச் செய்யும் நத்ரு யக்னி விருந்துக்கு. தெருமுனையில் பஜ்ஜிபோல மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவது சாயங்காலத்துக்கு. எனக்கு இரண்டாவதுதான்.

அக்டோபர் பிற்பாதியில் பாம்போர் மேட்டு நிலங்களில் குங்குமப்பூ மலரும். ஸ்ரீநகரிலிருந்து காரில் அரை மணி நேரத் தூரம்தான். செடி தரையோடு தரையாக இருக்கும், ஊதா நிறப் பூ. குடும்பமே குனிந்து காலையில் பறித்துக் கூடைகளில் சேர்க்கும். பிறகு வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொரு பூவிலிருந்தும் மூன்று சிவப்பு இழைகளைப் பிரித்தெடுப்பார்கள். ஒரு கிலோ குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூக்கள் வேண்டும். நம் ஊரில் கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பாலில் போட்டுத் தருகிற அந்த இரண்டு இழைக்குப் பின்னால் எத்தனை விரல்கள் இருக்கின்றன என்பதை அந்த வயலில் நின்றால்தான் புரிந்துகொள்ள முடியும். 2020-இல் காஷ்மீர்க் குங்குமப்பூவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்கினால் இழையாக வாங்குங்கள், தூளாக வேண்டாம்.

எல்லோரும் படம் எடுப்பது சினார் மரத்தைத்தான். பச்சை மஞ்சளாகி, ரத்தச் சிவப்பாகி, கடைசியில் துருவின் நிறத்துக்கு வரும். நிஷாத், ஷாலிமார் தோட்டங்களில் கூட்டம் அதிகம். பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் நசீம் பாக்கில் நடந்தால் காலடியில் இலை நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்கும். ஆனால் ஊர்க்காரர்களுக்கு அந்த இலை வெறும் அழகுப் பொருளாக என்றும் இருந்ததில்லை. நவம்பரில் பெண்கள் அதைப் பெருக்கிக் குவித்து, தீ வைத்து, முழுதும் சாம்பலாவதற்குள் தண்ணீர் தெளித்துக் கரியாக்குவார்கள். அந்தக் கரிதான் காங்ரிக்குப் போகும். காங்ரி என்பது பிரம்பு போன்ற குச்சிகளால் பின்னிய கூடைக்குள் மண்சட்டி வைத்த கைக்கணப்பு. சரார் ஷரீஃபிலும் பந்திபோராவிலும் பின்னுகிறவை பேர்போனவை. இலை எரிக்கும் புகையால் நகரத்துக் காற்று கெடுகிறது என்ற எதிர்ப்பு இப்போது வலுத்திருக்கிறது, அது நியாயமானது. பூட்டிய அறையில் காங்ரியோடு தூங்குவதும் ஆபத்து. விருந்தாளியாக வருகிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடை இதனோடு ஒட்டியதுதான். ஃபெரன் என்ற தொளதொள அங்கி முழங்காலுக்குக் கீழ்வரை வரும். உள்ளே 'பூட்ஸ்' என்ற மெல்லிய பருத்தி அங்கி ஒன்று. கையை ஸ்லீவுக்குள்ளிருந்து உருவி, உள்ளே காங்ரியைப் பிடித்துக்கொள்ளலாம் என்பதற்காகவே அவ்வளவு தொளதொளப்பு. அக்டோபரில் தையற்கடைகளில் ட்வீட் துணி மலையாகக் குவிந்திருக்கும். ஆயத்தமாகத் தொங்குவதை வாங்காமல் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள். தோளில் உட்காரும் விதமே வேறு.

அதே சினார் இலை கலைக்குள்ளும் வந்துவிடுகிறது. காகிதக்கூழ்ப் பெட்டிகளில், சால்வை ஓரங்களில், வால்நட் மரச் செதுக்கலில் ஐந்து விரல் விரித்த இலையை எங்கும் பார்க்கலாம். காகிதக்கூழ் வேலையில் இருவகைக் கைவினைஞர்கள் உண்டு. ஊறவைத்த காகிதத்தை இடித்து, அரிசிப் பசை சேர்த்து அச்சில் வார்ப்பவர் 'சாக்த்சாஸ்', அதன்மேல் வண்ணம் தீட்டுபவர் 'நக்காஷ்'. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது அனந்தநாக் பக்கத்து 'கப்பா'. பழைய கம்பளிகளைத் துவைத்து, சாயம் ஏற்றி, துண்டு துண்டாக ஒட்டுப்போட்டு, பூவேலை செய்து விரிப்பாக்குகிறார்கள். குளிர்காலத்துக்குத் தரை விரிப்புகள் மாறும் இந்த நாட்களில் ஒரு கப்பா வாங்கினால் அது பயனுள்ள பொருளும் ஆயிற்று.

வீடுகளைப் பற்றி இன்னும் நிறையச் சொல்லத் தோன்றுகிறது. ஜீலம் கரையோரம் ஹப்பா கதல், ஆலி கதல் பக்கம் நடந்து பாருங்கள். பழைய வீடுகள் இரண்டு முறையில் கட்டப்பட்டவை. 'தாக்' என்பதில் கனமான செங்கல் தூண்களுக்கு நடுவே, தளத்துக்குத் தளம் மர உத்தரங்கள் பட்டையாக ஓடும். 'தஜ்ஜி தேவாரி'யில் மரச்சட்டங்களுக்கு இடையே சிறு சிறு கட்டங்களாகச் செங்கல்லோ கல்லோ மண் சாந்தோடு நிரப்பியிருக்கும், சுவர் மெல்லியது. பூமி அதிரும்போது மரம் வளைந்துகொடுக்கும். விரிசல் ஒரு கட்டத்தோடு நின்றுவிடும். 2005 அக்டோபர் 8 நிலநடுக்கத்தில் இந்த வகை வீடுகள் பல தாக்குப்பிடித்தன. இன்று அவற்றை இடித்து கான்கிரீட் எழுப்புவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

இந்த வீடுகளுக்குள் பருவத்தோடு மனிதர்களும் இடம் மாறுவார்கள். கோடையில் காற்றோட்டமான மேல்மாடி. ஹருத் முடியும்போது பாயும் பாத்திரமும் கீழ்த்தளத்துக்கு இறங்கும். சில வீடுகளில் ஹமாம் அறை உண்டு: கல் பாவிய தரை, அடியில் விறகு எரியும், தரையே சூடாகும். பின்னல் வேலைப்பாடுள்ள பிஞ்ச்ரா ஜன்னல்களில் முன்பெல்லாம் காகிதம் ஒட்டிக் குளிர்காற்றைத் தடுப்பார்களாம். தலைக்குமேல் 'கதம்பந்த்' கூரை. ஆணி அடிக்காமல் சிறு மரத்துண்டுகளைக் கோலம்போல் பொருத்தியது. மரங்கள் இலை உதிர்த்தபின் இந்த முகப்புகள் மறைப்பில்லாமல் தெரியும். சாய்ந்த வெயில் செங்கல்லில் படும் பிற்பகல் மூன்று மணி வாக்கில் போவது நல்லது.

வருவதாக இருந்தால் அக்டோபர் கடைசி வாரத்துக்கும் நவம்பர் இரண்டாம் வாரத்துக்கும் இடையில் வாருங்கள். குங்குமப்பூ, சினார் இரண்டும் பெரும்பாலும் கிடைக்கும். சமையலறை உள்ள வீட்டில் தங்குங்கள். காலையில் 'காந்துர்' என்கிற ரொட்டி சுடுபவரின் கடையில் தந்தூரிலிருந்து எடுத்த சூடான கிர்தா ரொட்டி வாங்கி, உப்புப் போட்ட இளஞ்சிவப்புத் தேநீரான நூன் சாயோடு சாப்பிட்டுவிட்டு நடக்கத் தொடங்குங்கள். திரும்பும்போது பெட்டியில் ஒரு கிலோ அல் ஹச்சுக்கு இடம் விட்டு வையுங்கள்.